ஸ்லோவில் ஒரு மிஸ்ஸிங்

ஸ்குரூ டிரைவரின் நுனி முதல் நாசிலின் மேல் இருக்கிறது, மரக் கைப்பிடி என் வலது காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுந்தியிருக்கிறது, வண்டி நின்ற இடத்திலேயே ஸ்லோவில் ஓடிக்கொண்டிருக்கிறது, எனக்கு எதுவும் வரவில்லை. எதுவும் என்று சொல்வது சரியில்லை. தம், தம், தம் என்று ஒரு கனமான அடி வருகிறது, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மூட்டையைத் தரையில் போடுவது மாதிரி. அந்த அடி எஞ்சின் முழுவதற்கும் பொது. அதற்கு மேலே ஒன்று வர வேண்டும். ஒவ்வொரு நாசிலும் டீசலை உள்ளே தெளிக்கும்போது டிக் என்று ஒரு சிறிய சத்தம், நகத்தால் எவர்சில்வர் டம்ளரைத் தட்டினால் வருகிற மாதிரி. நாலு சிலிண்டருக்கு நாலு நாசில், நாலு டிக். மூன்று ஒரே மாதிரி இருக்கும், கெட்டுப்போனது மட்டும் மழுங்கிக் கேட்கும். அதைப் பிடித்துவிட்டால் வேலை முடிந்தது. இத்தனை வருஷமாக நான் செய்துகொண்டிருப்பது அவ்வளவுதான். இப்போது டம்ளர் இல்லை, நகம் இல்லை, மூட்டை மட்டும் விழுந்துகொண்டே இருக்கிறது. கண்ணை மூடிக்கொள்கிறேன். கேட்கிறவன் கண்ணை மூடிக்கொள்வான் என்று பார்க்கிறவர்கள் எதிர்பார்க்கிறார்கள். முன்பெல்லாம் தானாக மூடிக்கொண்டது. இப்போது மூடுவது எனக்குத் தெரிகிறது, எவ்வளவு நேரம் மூடியிருக்கலாம் என்றுகூட யோசிக்கிறேன், புகைப்படக்காரர் சொல்லும்வரை அசையாமல் நிற்கிறவன் மாதிரி. கண்ணைத் திறந்தால் எதிரில் சுகந்தி நிற்கிறாள், சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சாமி வாக்குச் சொல்லப் போகிறதென்று காத்திருக்கிற முகத்தோடு.

அவள் வண்டி இது. பழைய டீசல் பிக்கப், அவள் வீட்டுக்காரர் ஓட்டிக்கொண்டிருந்தது, அவர் முதுகெலும்பு தேய்ந்து படுத்த பிறகு இவளே ஓட்டுகிறாள். பின்னால் பிளாஸ்டிக் கூடைகள் அடுக்கடுக்காக, ஒவ்வொன்றிலும் இன்று காலையில் பொரித்த கோழிக்குஞ்சுகள். நாமக்கல்லிலிருந்து தர்மபுரிக்குப் போக வேண்டும், தொப்பூர் மேட்டை ஏற வேண்டும். குஞ்சு வண்டி நிற்கக் கூடாது. ஓடினால் காற்று வரும், நின்றால் கூடைக்குள்ளேயே வெந்துவிடும். இந்த வண்டி ஸ்லோவுக்கு வந்தாலே நடுங்கி அணைகிறது. சுங்கச்சாவடியில் அணைந்தால், மேட்டில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு அணைந்தால், பாதிக் குஞ்சு போய்விடும், குஞ்சு போனால் பொரிப்பகத்துக்காரர்கள் அடுத்த லோடை வேறு வண்டிக்குக் கொடுத்துவிடுவார்கள். வந்ததும் இதையெல்லாம் சொன்னாள். சொன்னாள் என்றுதான் நினைக்கிறேன். அவள் குரல் மெலிசு, எனக்குப் பாதி வார்த்தைதான் வந்தது, மீதியை அவள் கையும் குஞ்சுக் கூடைகளும் சொல்லின. வேப்பமர நிழலில் வண்டியை ஏற்றி நிறுத்தி, பக்கத்துத் தார்ப்பாயை அவிழ்த்து மேலே போட்டுவிட்டோம். கூடையின் ஓட்டை ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் தலை, ஒரு அலகு. அலகுகள் திறக்கின்றன, மூடுகின்றன, திறக்கின்றன. நூற்றுக்கணக்கான அலகுகள். ஒரு சத்தமும் இல்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், சினிமாவில் ஒலி போய்விட்டால் பார்ப்பது மாதிரி. குஞ்சுகளுக்குச் சத்தம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். எப்போது கடைசியாகக் கேட்டேன் என்று யோசித்தால் ஞாபகம் வரவில்லை. கடைசித் தடவை என்று எந்தச் சத்தமும் சொல்லிவிட்டா போகிறது? அவள் ஏதோ சொன்னாள். அவள் முகம் எஞ்சின் பக்கம் திரும்பியிருந்ததாக எனக்குத் தோன்றியது, கத்துது என்ற வார்த்தை மட்டும் பிடிபட்டது. "கத்தத்தாம்மா செய்யும். பழைய எஞ்சின், சும்மாவா இருக்கும்?" என்றேன். பக்கத்துப் பட்டறையில் கதவை நெளிவெடுத்துக்கொண்டிருந்த டிங்கர் ஆரோக்கியம் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். அவன் தொண்டை கனம், அவன் பேசுவது மட்டும் எனக்குத் தப்பாமல் வரும். "ஏனுங்ணா, அந்தப் புள்ள கோழிக்குஞ்சு தண்ணிக்குக் கத்துதுன்னு சொல்லுது, நீங்க எஞ்சினு கத்தும்ங்கறீங்க! குஞ்சுக்கு ஆயில் மாத்தி உட்டுருவீங்களாட்ட இருக்குது!" அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். இப்போதெல்லாம் நான் நக்கல் பேசுகிறவன் என்று இந்தப் பட்டறை வரிசையில் பேர். கேள்வி ஒன்று, பதில் ஒன்று, அதில் ஒரு தமாஷ் இருப்பதாக அவர்களே கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். "வயசாக ஆக அண்ணனுக்குக் குசும்பு கூடிப்போச்சு" என்று டீ கொண்டுவருகிறவர்கூடச் சொல்கிறார். அவர்கள் எனக்குக் கொடுத்த அந்தக் குசும்பை நான் சட்டை மாதிரி எடுத்துப் போட்டுக்கொண்டு திரிகிறேன். என் அளவுக்குத் தைத்தது இல்லை, ஆனால் மறைக்கிறது.

இன்னொரு பேர் அதற்கு முன்னாலேயே இருந்தது. காது. நாச்சிமுத்து என்ற பேரை வங்கியிலும் வாக்காளர் அட்டையிலும்தான் பயன்படுத்துகிறேன். ரோட்டில் எவனாவது வண்டியில் சத்தம் என்று சொன்னால், "காதுகிட்டக் காட்டுனியா?" என்பார்கள். என் பட்டறைப் போர்டில்கூடப் பெயிண்டர் சின்னதாக ஒரு காது வரைந்துவிட்டான், கேட்காமலே. கேட்காமலே. பார், இந்த வார்த்தை எங்கே போனாலும் குறுக்கே வந்து நிற்கிறது. கேட்டுக்கோ, கேட்டியா, கேட்கலையா, கேட்டுச் சொல்றேன். ஒரு நாளைக்கு எத்தனை தரம் மனிதர்கள் இந்த வார்த்தையைச் சொல்கிறார்கள் என்று அது கூசும்போதுதான் தெரிகிறது. ஸ்குரூ டிரைவரை இரண்டாவது நாசிலுக்கு மாற்றுகிறேன். மூட்டை, மூட்டை, மூட்டை. மூன்றாவது. மூட்டை. நாலாவதில் லேசாக ஏதோ இருப்பது போல இருக்கிறது, மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன், அது என் காதுக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் இரைச்சல், பிரஷர் குக்கர் விசில் வருவதற்கு முன்னால் சீறுகிற மாதிரி, ஸ்குரூ டிரைவரை எடுத்த பிறகும் அப்படியே இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் இலவச முகாம் போட்டிருந்தார்கள், கண், பல், காது. வேறு ஊர் மண்டபம் என்பதால் போனேன், தெரிந்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். காதில் ஒரு பெட்டியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் வந்தால் அமுக்குங்கள் என்றாள் ஒரு பெண். எதிரில் உட்கார்ந்து அவள் கருவியைத் தட்டினாள். தட்டுவதற்கு முன்னால் அவள் தோள் கொஞ்சம் ஏறியது. அவ்வளவு போதும் எனக்கு. வண்டி ஏன் மக்கர் பண்ணுகிறது என்று பார்க்கிறவனுக்குத் தோள் ஏறுவது தெரியாதா? தோள் ஏறியதும் அமுக்கினேன், ஏறியதும் அமுக்கினேன். அந்தப் பெண் காகிதத்தைப் பார்த்து, வயதுக்கு நன்றாகவே இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும், சிரித்தபடி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். நான் எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஏறி உட்காரும்வரைக்கும் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகுதான், யாரை ஏமாற்றினேன் என்று தோன்றியது. பக்கத்தில் பார்க்கப் பையன் இல்லாத பரீட்சையில், எழுதிய ஒரே ஆள் நானாக இருந்த பரீட்சையில் காப்பி அடித்தேன்.

சரி, காதை விடு. வேலையை வரிசையாகப் பார். டீசல் பில்டரை முதலிலேயே மாற்றியாயிற்று. கைப்பம்ப்பை அடித்து, மேலே இருக்கும் திருகைத் தளர்த்திப் பார்த்தேன், நுரை இல்லை, குமிழ் இல்லை, டீசல் கம்பியாக வந்தது, ஆக லைனில் காற்று இல்லை. பைப் சேரும் இடங்களில் செம்பு வாஷர் எல்லாம் புதுசு. ஆக்சிலேட்டர் கொடுத்தால் தடுமாற்றம், நாங்கள் மிஸ்ஸிங் என்பது, மறைகிறது, ஸ்லோவில்தான் வருகிறது, பின்னால் வெள்ளைப் புகை கொஞ்சம். ஆக நாசில், நாலில் ஒன்று தெளிக்காமல் ஒழுகுகிறது. இதுவரை கண் போதும், மூக்கு போதும். எது என்று கேட்டால்தான் காது வேண்டும். குளிர்ந்த எஞ்சினாக இருந்தால் வேறு வழி உண்டு. ஸ்டார்ட் செய்தவுடன் சைலன்சர் குழாயின் நாலு வாயிலும் தண்ணீர் தெளித்தால், மூன்றில் உடனே ஆவியாகும், ஒன்றில் தங்கி நிற்கும், அதுதான் செத்த சிலிண்டர். ஆனால் இது ஓடி வந்த வண்டி, நாலு வாயிலும் தண்ணீர் சுர்ரென்று மறைகிறது, சுர்ரென்று என்று நானாகச் சொல்லிக்கொள்கிறேன். இன்னொரு வழி வைத்திருக்கிறேன், யாருக்கும் தெரியாது. டீ கிளாஸை மட்கார்டின் மேல், குடிக்க வைத்ததுபோல வைத்துவிட்டு, நாசில் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துவேன். தளர்த்தினால் அந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாது. நல்ல சிலிண்டர் என்றால் எஞ்சின் இன்னும் தடுமாறும், டீ அதிகமாக அலையும். கெட்ட சிலிண்டர் என்றால் ஒரு மாற்றமும் இருக்காது. மாற்றம் இல்லாததுதான் குற்றவாளி. கொஞ்ச நாளாக என் காது அந்த டீ கிளாஸ்தான். இன்று அதுவும் உதவவில்லை. இந்த வண்டியில் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கிழிந்து கிடக்கிறது, நட்டைத் தொடாமலே டீ கிளாஸ் விளிம்பைத் தாண்டி வழிந்து மட்கார்டில் ஓடியது. நாலு நட்டையும் வரிசையாகத் தளர்த்தி இறுக்கினேன். நாலுக்கும் ஒரே ஆட்டம். கையை வைத்துப் பார்த்தேன், நெற்றியை வைக்கலாமா என்றுகூடப் பார்த்தேன், அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், வைக்கவில்லை. சோதித்து வைத்த நல்ல நாசில் கையில் ஒன்றுதான் இருக்கிறது. நாலையும் கழற்றிச் சோதிக்க டீசல் பம்ப் கடைக்கு அனுப்பினால் சாயங்காலம் ஆகிவிடும். கூடையில் அலகுகள் திறக்கின்றன, மூடுகின்றன.

தப்பிக்க வழியா இல்லை? பம்ப் என்று சொல்லிவிடலாம். பம்ப் போச்சு என்று சொன்னால் எந்த டிரைவரும் எதிர்க் கேள்வி கேட்க மாட்டார், அது பெரிய டாக்டர் பேரைச் சொல்வது மாதிரி. குஞ்சை வேறு வண்டிக்கு மாற்றிக்கோம்மா என்று சொல்லலாம். மாற்றினால் அடுத்த லோடு அந்த வேறு வண்டிக்கே போய்விடும், அவள் வீட்டுக்காரர் படுக்கையில் இருந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார், ஆனால் நான் காதாகவே இருப்பேன். இன்னொன்றும் இருக்கிறது, அது இன்னும் சுலபம். ஸ்லோ திருகை ஒரு சுற்று ஏற்றிவிட்டால் போதும், வண்டி அணையாது, நடுக்கமும் குறையும், அவள் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவாள். ஒழுகுகிற நாசிலோடு லோடை வைத்துக்கொண்டு மேடு ஏறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒழுகுகிற டீசல் ஒரே இடத்தில் எரிந்து பிஸ்டனில் ஓட்டை போடும். அது தொப்பூரில் நடக்கும், இங்கே நடக்காது. இங்கே நடக்காது என்று மனசு சொன்ன வேகத்தைப் பார்த்து எனக்கே கன்னம் சுட்டது. யாருடைய மனசு இது, என்னுடையதுதானா, இவ்வளவு கணக்காக எப்போது பேசக் கற்றுக்கொண்டது? வீட்டில் கமலம் பேசும்போது செய்தித்தாளை விரித்துக்கொள்கிறேனே, அப்போது கற்றுக்கொண்டிருக்கும். அவள் என்னைத் திமிர் பிடித்தவன் என்று நினைக்கிறாள். செவிடன் என்று நினைப்பதைவிட அது மேல் என்று நான் நினைத்துக்கொண்டேன். முப்பது வருஷம் கூட இருந்தவள், சாப்பாடு வேணுமா என்று கேட்டுவிட்டுப் பதில் வராமல் தட்டை வைத்துவிட்டுப் போகிறாள், நான் செய்தித்தாளுக்குப் பின்னால், செய்தியையும் படிக்காமல்.

"எதுங்ணா?" என்றாள் சுகந்தி. சின்ன வார்த்தை, ஆனால் முகம் நேராக இருந்ததால் வாயைப் பார்த்துப் பிடித்துக்கொண்டேன். ஆரோக்கியம் தலையைத் தூக்கிப் பார்த்தான். டீக்கடை ஓரத்தில் உட்கார்ந்திருந்த லாரி டிரைவர்கள் இரண்டு பேர் பார்த்தார்கள். எல்லோரும் பார்க்கும்போது ஒரு எண் தானாக வந்துவிடும், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்டதும் வாயில் வருகிற எண் மாதிரி. "மூணு" என்றேன். "மூணாவது நாசிலு. ஒழுகுது." ஸ்பேனரைக்கூட எடுத்துவிட்டேன். மூன்றாவது நட்டில் மாட்டியும்விட்டேன். அவள் நகரவில்லை. அவள் புருவம் சுருங்கியது. ஏதோ சொன்னாள், நான் ஆமாம் என்று தலையாட்டினேன், தலையாட்டியது தப்பு என்று அவள் முகத்தில் தெரிந்தது, கிட்டே வந்து திரும்பச் சொன்னாள். "இல்லீங்ணா, மூணாவது நட்டைத் தளத்துனப்பத்தான் வண்டி அணையவே போச்சு. அது நல்லாத்தான வேலை செய்யுது? அப்படித்தானுங்களே அதுக்கு அர்த்தம்?" அப்படித்தான் அர்த்தம். அவளுக்குத் தெரிகிறது. தினம் அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்திருக்கிறவள், அவளுக்குத் தெரியாதா? என் கை ஸ்பேனரில் இருக்கிறது. சும்மா உன்னைச் சோதிச்சுப் பாத்தேம்மா என்று சொல்லலாம், எல்லோரும் சிரிப்பார்கள், குசும்பு என்பார்கள், அந்தச் சட்டை தயாராகத் தொங்குகிறது. வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே பேசிவிட்டாள். தலையைக் குனிந்துகொண்டு பேசினாள், ஆனால் கிட்டே நின்றதால் வந்தது. "நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும். அவரும் உங்க பேரைத்தான் சொல்லி அனுப்புனாரு. என்ற காதுதான் தப்பாக் கேட்டிருக்கும், எனக்கென்ன தெரியும். நீங்க மூணையே மாத்துங்ணா."

என்ற காதுதான் தப்பாக் கேட்டிருக்கும். அவள் காது. நல்ல காது. முழுசாக வேலை செய்கிற, டிக் என்றால் டிக் என்று வாங்கிக்கொள்கிற காது, அதை அவள் எனக்காகக் கீழே போடுகிறாள். இன்றைக்குத் தொப்பூரில் வண்டி ஒரு சத்தம் போட்டால், அது தப்பாக் கேட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டு மிதித்துக்கொண்டே போவாள். நான் மறைத்தது என் காதை மட்டும் என்று நினைத்திருந்தேன். இல்லை. ஸ்பேனரை நட்டிலிருந்து எடுத்தேன். இப்படிப் பயந்தது மகள் தலைப்பிரசவத்துக்கு உள்ளே போனபோது ஆஸ்பத்திரி வராந்தாவில், ஒருதரம் அப்பாவின் சட்டைப்பையில் கை விட்டு மாட்டிக்கொண்டபோது, அதற்குப் பிறகு இப்போதுதான். சுகந்திக்கு மட்டும் சொன்னால் போதும். ஆரோக்கியத்துக்குத் தெரிய வேண்டாம், டீக்கடைக்குத் தெரிய வேண்டாம். இது அவள் வண்டி, அவள் மேடு, அவளுக்குத் தெரிந்தால் போதும், மற்றவர்களுக்கு எப்போதாவது நானே ஒரு நாள் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம். எஞ்சினை அணைக்கவில்லை, அந்த இரைச்சல் மறைவாக இருக்கட்டும் என்று நினைத்தேன். முன்னால் குனிந்தேன். ரகசியம் சொல்கிறவன் குனிகிற அளவுக்குக் குனிந்து, உதட்டை அதிகம் அசைக்காமல், மெதுவாக, என்னால் முடிந்த அளவுக்கு மெதுவாகச் சொன்னேன். "அம்மிணி, எனக்குக் காது கேக்கறதில்ல. எது கெட்டதுன்னு எனக்குத் தெரியல. நீதான் கேட்டுச் சொல்லோணும்."

அவள் பின்வாங்கினாள், முகத்தில் காற்று அடித்த மாதிரி. அவள் கண் என்னைத் தாண்டிப் பக்கத்தில் போனது. நான் திரும்பிப் பார்த்தேன். ஆரோக்கியத்தின் சுத்தியல் தோளுக்கு மேலே அப்படியே நின்றிருந்தது. டீக்கடை ஓரத்தில் இரண்டு டிரைவர்களும் கிளாஸை உதட்டருகில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர் வரிசையில் பஞ்சர் கடைக்காரர் டயரை உருட்டுவதை நிறுத்திவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து என்னைப் பார்த்தார். அப்போதுதான் புரிந்தது, நான் மெதுவாகச் சொல்லவில்லை. எனக்கு மெதுவாகக் கேட்டது, அவ்வளவுதான். ஓடுகிற எஞ்சினுக்கும் மேலே, இந்த வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தியிருக்கிறேன். காதிலிருந்து கழுத்துவரை சூடு இறங்கியது. பட்டறைக்கு உள்ளே போய்விடலாம் என்று ஒரு கால் நகர்ந்தது, இன்னொன்று நகரவில்லை. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் சேர்ந்துகொண்டிருப்பேன். ஆரோக்கியம் சுத்தியலை மெல்லக் கீழே இறக்கினான், தூங்குகிற குழந்தை பக்கத்தில் வைப்பது மாதிரி, பிறகு என் முகத்தைப் பார்க்காமல் நெளிந்த கதவைப் பார்த்துக்கொண்டான். அது எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

சுகந்திதான் முதலில் அசைந்தாள். என் கையில் இருந்து ஸ்குரூ டிரைவரை வாங்கிக்கொண்டாள். எங்கே வைக்க வேண்டும் என்று கண்ணால் கேட்டாள், நான் தொட்டுக் காட்டினேன். கைப்பிடியைக் காதுக்குள் விடப் பார்த்தாள், இல்லை என்று எலும்பைத் தொட்டுக் காட்டினேன். அவள் கண்ணை மூடவில்லை. வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, ஒவ்வொன்றாகப் போய், திரும்பி வந்து, மறுபடி போனாள். நான் அவள் தோளைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தேன், பஸ் ஒன்று படம் மாதிரி போனது. என் முழங்கையில் தட்டினாள். திரும்பியதும் என் முகத்துக்கு நேரே இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினாள். அது போதாது என்று நினைத்தாளோ என்னவோ, உதட்டை அகலமாக விரித்து, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவள் தானும் வாயைத் திறந்து காட்டுவது போல, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்: "ரெண். டா. வது." இனிமேல் எல்லோரும் என்னிடம் அப்படித்தான் பேசுவார்கள், கமலம்கூட. நான் தலையாட்டினேன், இந்தத் தடவை கேட்டதற்கு. பிறகு ஸ்பேனரை இரண்டாவது நட்டில் மாட்டினேன்.